படத்தில் வராத இரண்டு வரி

ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் நான் பார்க்கும் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் ஒழுங்காகப் புரியவைக்க என்னால் முடிந்ததில்லை. சித்தூரில் இருக்கும் என் மாமனார், "மாப்பிள்ள ஃபேக்டரியில படம் போட்டுக்கினு இருக்காரு" என்று சொல்லிவைத்ததில், அவர் தெருவில் பாதிப் பேர் என்னைப் பெயின்டர் என்று நினைக்கிறார்கள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது ஒருவர் வந்து, தன் கடை போர்டை எப்போது எழுதித் தருவேன் என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். இல்லையென்றால் என் வேலையை அவருக்கு விளக்க வேண்டியிருக்கும்.

வேலை இதுதான். எங்கள் கம்பெனியில் வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிறார்கள். முன் விளக்கிலிருந்து பின் விளக்குவரை ஒரு வண்டிக்குள் ஓடும் அத்தனை ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டி, முனைகளில் கனெக்டர் மாட்டி அனுப்புவார்கள். ஒரு லைனில் பதினாறு நாற்காலி, பதினாறிலும் பெண்கள். ஒயர் கிடக்கும் டிரே ஒரு நாற்காலியிலிருந்து அடுத்ததற்குப் போகும். தப்பு இருந்தால் திரும்பி வரும். எந்த டிரே எங்கிருந்து எங்கே போனது என்பதைச் சாயங்காலம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் அடிப்பார்கள். ஏழு என்று அடித்து, ஒரு சின்னக் கோடு, ஒரு கூர்முனை போட்டு, எட்டு என்று அடித்தால் ஏழிலிருந்து எட்டுக்குப் போனது என்று அர்த்தம். இப்படி நூறு நூற்றைம்பது வரி. அதற்கு டாட் ஃபைல் என்று பெயர். அதை அப்படியே படித்தால் மண்டை காய்ந்துவிடும். நான் அதை ஒரு இலவச மென்பொருளிடம் கொடுப்பேன். அது நாற்காலிகளைக் கட்டங்களாகவும் டிரே போன வழிகளை அம்புக்குறிகளாகவும் மாற்றி, ஒரு பிஎன்ஜி படமாக வெளியே தள்ளும். தப்பு அதிகம் வந்த நாற்காலி சிவப்புக் கட்டமாக வரும். அதைப் பிரின்ட் எடுத்து லைன் முனையில் இருக்கும் போர்டில் ஒட்டிவிட்டு, படத்தை ஆடிட் ஃபோல்டரில் போட்டுவைத்துவிட்டு பஸ் ஏறுவேன்.

எனக்குச் சந்தேகம் அதிகம். இதை ஒப்புக்கொள்ள நான் வெட்கப்பட்டதில்லை. தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவனுக்கு இதுவே ஒரு தகுதி என்றுகூட நினைத்திருந்தேன். என் மனைவி வேறு மாதிரி சொல்வாள். "நான் சோறு போட்டாகூட ஒரு வாட்டி மோந்து பாத்துட்டுதான் துன்றீங்க" என்பாள். அது உண்மைதான். வடமாலபேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பூட்டை நான் பூட்டியபிறகு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். நாலாவது தடவை இழுக்க பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்ததும் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு நாள், முந்தைய நாள் படத்தில் இடது ஓரத்தில் இருந்த ஏழாம் கட்டம் அன்றைய படத்தில் வலது ஓரத்துக்குப் போயிருந்தது. பதினொன்று மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. யாரோ ஃபைலில் கை வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. முதல் சந்தேகம் சூப்பர்வைசர்மேல். அவர் சத்தியவேடு பக்கத்துத் தெலுங்குக்காரர். நன்றாகத் தமிழ் பேசுவார். எதைக் கேட்டாலும் சிரிப்பார். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவர்களை எனக்கு நம்பப் பிடிக்காது. யாரிடமும் சொல்லாமல் பத்து நாள் வேவு பார்த்தேன். ஒவ்வொரு ஃபைலும் எத்தனை மணிக்கு சேவ் ஆனது, எத்தனை பைட் இருந்தது என்று பாக்கெட் நோட்டில் குறித்துவைத்தேன். அவர் கம்ப்யூட்டர் பக்கம் போனால் நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் பின்னாலேயே போனேன். ஒரு நாள் அவரே, "சார்க்கு சுகரா? இவ்ளோ நீள்ளு குடிக்கிறீங்க" என்று கேட்டுச் சிரித்தார்.

கடைசியில் பார்த்தால், ஒருவரும் ஒன்றும் செய்திருக்கவில்லை. எந்தக் கட்டத்தை எங்கே வைப்பது என்பதை அந்த மென்பொருளே முடிவு செய்கிறது. ஃபைலில் நடுவே ஒரே ஒரு வரி கூடினாலும் போதும், அம்புகள் ஒன்றையொன்று வெட்டாமல் இருப்பதற்காக மொத்தப் படத்தையும் இடம் மாற்றிப் போட்டுவிடும். இது தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏமாற்றமாக இருந்தது. திருடனைப் பிடிக்கப் பத்து நாள் காத்திருந்தவனுக்குத் திருட்டே நடக்கவில்லை என்றால் எப்படி இருக்கும்!

அதனால் என் சந்தேகத்தை விட மனசில்லாமல் வேறு பக்கம் திருப்பினேன். இன்றைக்கு யாரும் மாற்றவில்லை, சரி. நாளைக்கு மாற்றமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? டெக்ஸ்ட் ஃபைலை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஏழை எட்டாக்க ஒரு விரல் போதும், தடயமும் இருக்காது. படம் அப்படி இல்லை. அது வெறும் புள்ளிகள், லட்சக்கணக்கான வண்ணப் புள்ளிகள். அதில் ஒரு எண்ணை மாற்றப்போனால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும். ஆகவே எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் ஃபைல் வரும், படமாக மாற்றுவேன், ஒரு தடவை சரிபார்ப்பேன், டெக்ஸ்ட் ஃபைலை அழிப்பேன், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்வேன். மேலதிகாரி யாரும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்யவேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு யாரும் என் வேலையைக் கவனிக்கவும் இல்லை.

ஃபைலை அடிப்பது ஏழாம் நாற்காலியில் உட்காரும் பெண். நகரிக்காரி, தமிழ். வீட்டில் எல்லோருக்கும் தறி வேலை. இவள் இன்டர், அதாவது ப்ளஸ் டூ, முடித்துவிட்டு இங்கே வந்தவள். வேறு யாரும் முன்வராததால் கம்ப்யூட்டர் வேலையும் இவள் தலையில் விழுந்தது. இரண்டு விரலால் அடிப்பாள், ஆனால் தப்பே வராது. எனக்கு அதுகூடக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது. புத்தூரில் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறுவாள். நான் அதற்கு முன்பே வடமாலபேட்டையில் ஏறியிருப்பேன். ஃபேக்டரிக்குள் என்னை சார் என்பாள், பஸ்ஸில் அண்ணா என்பாள்.

அவளுக்கு இந்த ஃபைலை அடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான். நாற்காலிக்கு எண் மட்டும் அடித்தால் போதும், பெயர் அடிக்கவேண்டாம் என்றேன். எந்த நாற்காலிக்கு யார் என்ற பட்டியலை ஸ்கில் கார்டைப் பார்த்து நான் ஒரு தடவை எழுதிவைத்துவிட்டேன். படம் வரையும்போது அந்தப் பெயர் தானாகக் கட்டத்துக்குள் வந்துவிடும். அந்தந்த நாற்காலிக்கு டெஸ்ட் எழுதிப் பாஸ் ஆனவர்களுக்குத்தான் ஸ்கில் கார்டு. அது இல்லாதவர் அங்கே உட்காரக்கூடாது என்பது கம்பெனி விதி. முதலில் பெயர்களைத் தெலுங்கில் போட்டுப் பார்த்தேன், படத்தில் எல்லாப் பெயரும் காலிச் சதுரங்களாக வந்து நின்றன. தமிழுக்கும் அதே கதி. பிறகு ஆங்கில எழுத்துக்கு மாறினேன்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தேன். வரியின் முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு எதை எழுதினாலும் மென்பொருள் அதைப் படிக்காது. படத்தில் வராது, ஃபைலில் மட்டும் இருக்கும். ஏதாவது குறித்துவைக்க வேண்டுமென்றால் அப்படி எழுதிக்கொள் என்றேன்.

அவளுக்கு அது பிடித்துப்போனது. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவாள். 'ஏசி ஓடல.' 'ரெண்டாவது பெட்டி ஒயர் கெட்டியா இருக்குது.' 'டீ லேட்டு.' நான் எல்லாவற்றையும் படிப்பேன். படித்துவிட்டு, இதை ஏன் எழுதுகிறாள், யாருக்காக எழுதுகிறாள் என்று ஒரு நிமிஷம் யோசிப்பேன். பிறகு படமாக மாற்றி ஃபைலை அழிப்பேன். நான் அழிப்பது அவளுக்குத் தெரியாது. ஃபைலில் இருக்கும் என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

அந்தச் சமயத்தில் லைன் முழுக்க ஒரே பேச்சு, கம்பெனி ரோல், அதாவது நிரந்தரம் ஆகிறவர்கள் பட்டியலைப் பற்றி. பதினாறு பேரில் முக்கால்வாசி ஏஜென்சி ஆட்கள். பதினொரு மாதம் வேலை, அப்புறம் ஒரு மாதம் வீட்டில் உட்காரவேண்டும், பிறகு புது ஆளாகச் சேரவேண்டும். புது ஐ.டி. கார்டு, புது ட்ரெய்னிங், புது ஆளுக்கான சம்பளம். எட்டு வருஷம் வேலை பார்த்தாலும் காகிதத்தில் ஆறு மாதம்தான் இருக்கும். கம்பெனி ரோலில் பேர் வந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஏழாம் நாற்காலிப் பெண்ணுக்கு அந்த முறை வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாள் பஸ்ஸில் அவள் தன் பழைய கார்டுகளைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

"நாலு வாட்டி புதுசா சேர்ந்துக்கினேண்ணா. வரிசையா வெச்சி பாத்தா நான் வயசாவுறது தெரியுது பாருங்க. பேருக்கு மட்டும் எப்பவும் புது ஆளு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இதை ஏன் என்னிடம் சொல்கிறாள், என்னிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறாள் என்று எனக்கு உடனே உள்ளே ஒரு மணி அடித்தது. "நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திருப்பதியில் கங்கம்மா ஜாதரை என்ற அம்மன் திருவிழா நடந்த வாரம். ஒரு நாள் சாயங்காலம் ஃபைலைத் திறந்தேன். மத்தியானத்துக்குப் பிறகான வரிகளில் ஏழாம் நாற்காலிக்கு ஒன்பது டிரே திரும்பி வந்திருந்தது. ஏழின் வேலை கனெக்டரில் ஒயர் மாட்டுவது; ஒயர்கள் ஓட்டை மாறிப் போயிருந்தன. அவளிடம் ஒரு வாரத்துக்கு ஒன்று வந்தாலே அதிசயம். அந்த வரிகளுக்கு மேலே சாய்கோடு போட்டு இரண்டு வரி இருந்தது.

'மதியானம் மேல ஏழுல புது ஆளு.'

'நான் பன்னெண்டுல, டேப் சுத்தறேன்.'

இதைப் படித்ததும் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். அடேங்கப்பா, கெட்டிக்காரி என்று நினைத்தேன். ஒன்பது தப்பு வந்ததும் சாக்கு தயார் செய்துவைக்கிறாள், ரோல் பட்டியல் வரும் நேரம், பழியை யாரோ புது ஆள்மேல் போடுகிறாள் என்று நினைத்தேன். யாரும் கேட்காதபோதே விளக்கம் எழுதிவைக்கிறவளை எப்படி நம்புவது? எழுந்து போய் லைனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முப்பது அடி தூரம். கேட்கவில்லை. படமாக மாற்றினேன். ஏழாம் கட்டம் சிவப்பாக வந்து, அதற்குள் அவள் பெயர் உட்கார்ந்தது. ஒன்பது அம்புகள் அதைக் குத்திக்கொண்டு நின்றன. ஃபைலை அழித்தேன், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தேன். என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது.

மூன்று வாரம் கழித்து, வண்டி செய்கிற கம்பெனியிலிருந்து ஒரு ஒயர்க் கட்டு திரும்பி வந்தது. பிரேக் விளக்குக்குப் போகவேண்டிய ஒயர் வேறு ஓட்டையில். பார்கோடு பார்த்ததில் அது ஜாதரை வாரத்து அதே மத்தியானம். கடைசியில் செக் பண்ணிய பதினாறாம் நாற்காலிக்கு ஒரு மெமோ போனது, அது தனிக் கதை. மேனேஜர் ஆடிட் ஃபோல்டரைத் திறந்து அன்றைய படத்தை மீட்டிங் ரூம் திரையில் போட்டார். என்னையும் சூப்பர்வைசரையும் ஏழாம் நாற்காலிப் பெண்ணையும் கூப்பிட்டார்.

மேனேஜர் சென்னைக்காரர், தினமும் காரில் வந்துபோகிறவர். கத்திப் பேசமாட்டார். திரையில் சிவப்புக் கட்டம் அரை ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்து, "படம் கரெக்ட்தானே?" என்றார்.

"கரெக்ட்தான் சார். நான் போட்டதுதான்" என்றேன்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"அன்னிக்கு மதியானம் மேல நான் ஏழுல இல்ல சார். பன்னெண்டுல இருந்தேன். ஏழுல கார்டு இல்லாத ஒரு புது ஆளு உட்காந்துச்சு."

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "பன்னெண்டுல பன்னெண்டாம் சீட்டு பொண்ணேதான் சார் இருந்துச்சு. சாயங்காலம் பன்ச் இருக்கு, பாருங்க" என்றார். மேனேஜர் லேப்டாப்பில் பார்த்தார். பன்னிரண்டாம் நாற்காலிக்காரி சாயங்காலம் ஐந்து மணிக்குக் கார்டு தேய்த்திருந்தாள்.

ஏழாம் நாற்காலிப் பெண் சூப்பர்வைசரையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சார், நான் ஃபைல்ல எழுதியிருந்தேன். ரெண்டு கோடு போட்டு. படத்துல வராது, ஃபைல்ல இருக்கும்னு நீங்கதான சொன்னீங்க. அத எடுத்துக் காட்டுங்க சார்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஃபைல் இல்ல" என்றேன்.

"இல்லன்னா?" என்றார் மேனேஜர்.

"படம் போட்டதும் அழிச்சிடுவேன் சார். யாரும் மாத்திடக்கூடாதுன்னு."

மேனேஜர் தலையை ஆட்டினார். அது பாராட்டா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அதில் என்ன எழுதியிருந்தாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதால் நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஃபைல் இல்லை' என்பதோடு நான் நிறுத்திக்கொண்டதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். அழித்த ஃபைலை மீட்கும் மென்பொருள் ஒன்றை இறக்கி ஓடவிட்டேன். மூன்று வாரத்தில் அந்த இடத்தின்மேல் எத்தனையோ படங்கள் எழுதப்பட்டுவிட்டன. கிடைத்ததெல்லாம் போன தீபாவளிக்கு யாரோ அனுப்பிய வாழ்த்து. பிறகு, புத்தி இல்லாமல், அன்றைய படத்தையே திறந்து பெரிதாக்கினேன். பெரிதாக்கப் பெரிதாக்க அவள் பெயரின் எழுத்துகள் படிக்கட்டுபோல் உடைந்து, கடைசியில் சிவப்பிலும் கறுப்பிலும் வெறும் சதுரங்கள் மிஞ்சின. டாட் ஃபைலிலிருந்து படத்துக்கு வரலாம். படத்திலிருந்து ஃபைலுக்குத் திரும்பிப் போக வழி கிடையாது. இது எனக்குத் தெரியாததா? அதற்காகத்தானே படமாக மாற்றினேன்.

மறுநாள் டீ நேரத்தில், கேட்டுக்கு வெளியே இருக்கும் டீக்கடையில் சூப்பர்வைசரைப் பிடித்தேன். அன்றைக்குப் பன்னிரண்டில் யார் உட்கார்ந்தது என்று நேராகக் கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு சொன்னார்.

லைனில் லீவு கேட்டால் கிடைக்காது. அதனால் பெண்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. திருப்பதிப் பெண்களுக்கு கங்கம்மா ஜாதரை வந்தால், மத்தியானச் சாப்பாட்டோடு அவர்கள் கிளம்பிவிடுவார்கள். நகரி, புத்தூர்ப் பெண்கள் அவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் அவர்கள் கார்டையும் தேய்த்துவிடுவார்கள். ஆடிக் கிருத்திகைக்கு நகரிப் பெண்கள் காவடியோடு திருத்தணி போகும்போது திருப்பதிப் பெண்கள் அதேபோல் இவர்களுக்குச் செய்வார்கள். பல வருஷமாக நடக்கிறது. அன்றைக்குப் பன்னிரண்டாம் நாற்காலிக்காரி வீட்டில் அம்மனுக்குப் பொங்கல். ஒயர்க் கட்டின்மேல் டேப் சுற்றுவதற்குக் கை பழகவேண்டும்; பழகியவள் ஏழாம் நாற்காலிப் பெண் ஒருத்திதான். ஆகவே அவளைப் பன்னிரண்டுக்கு அனுப்பிவிட்டு, ஏழில் புது ஆளை உட்காரவைத்தது இவர்தான். அந்தப் புது ஆளும் இப்போது வேலையை விட்டுப் போய்விட்டாள்.

"நிஜம் சொன்னா பன்னெண்டு வேலையும் போவும், நா வேலையும் போவும் சார். பாவம், ஏழுக்கும் அது தெலுசு. அதான் ரூம்ல வாய மூடிக்கிச்சு. வதிலெய்யண்டி சார், விட்டுடுங்க."

 பஸ்ஸில் இந்தப் பெண்கள் முன் சீட்டில் தலையைச் சேர்த்துக் கிசுகிசுப்பதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். கார்டையும் நாற்காலியையும் பற்றிப் பேசியிருக்கிறார்கள். என்னை ஒருவரும் நினைக்கக்கூட இல்லை.

இரண்டு நாள் யோசித்தேன். பன்னிரண்டாம் நாற்காலிக்காரியைக் காட்டிக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் நான் படித்ததைச் சொல்லலாம், அது என்னுடையது. மூன்றாம் நாள் காலையில் மேனேஜர் அறைக்குப் போனேன். "சார், அந்தப் பொண்ணு ஃபைல்ல எழுதினது உண்மை. ஏழுல புது ஆளு, தான் பன்னெண்டுலன்னு அன்னிக்கே எழுதியிருந்துச்சு. நான் படிச்சேன். படிச்சிட்டுத்தான் அழிச்சேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அன்னிக்கே படிச்சிருக்கீங்க. மூணு வாரம் யார்கிட்டயும் சொல்லல. மீட்டிங்ல படம் கரெக்ட்னு சொன்னீங்க. ஃபைல் இல்லன்னீங்க. அப்பவும் இதச் சொல்லல. இப்ப வந்து சொல்றீங்க." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நீங்க அவங்களோட ஒரே பஸ்ஸுதானே?"

"ஆமா சார்."

"நீங்களும் அந்தப் பக்கத்துத் தமிழ் ஆளு. அவங்களும் அப்படித்தான். லிஸ்ட் நாளைக்கு வருது. என் இடத்துல நீங்க இருந்தா என்ன நினைப்பீங்க?"

 அவர் இடத்தில் நான் இருந்தால் அதையேதான் நினைத்திருப்பேன். அதைவிடக் கேவலமாக நினைத்திருப்பேன். அவரிடம் படம் இருந்தது. என்னிடம் வாய் வார்த்தை இருந்தது. என்னிடம் யாராவது வாய் வார்த்தையோடு வந்தபோது நான் என்றைக்காவது நம்பியிருக்கிறேனா? "ஃபைல் இருந்தா கொண்டு வாங்க, பாக்கலாம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மறுநாள் பட்டியல் நோட்டீஸ் போர்டில் வந்தது. ஏழாம் நாற்காலியின் பெயர் இல்லை. அவளுடைய பதினொரு மாதமும் அந்த மாதக் கடைசியோடு முடிந்தது.

அவளுடைய கடைசி நாள் சாயங்காலம் பஸ்ஸில் நான் பின்னாலிருந்து எழுந்து, பெண்கள் உட்காரும் பக்கம் போய் அவளுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்தேன். பஸ் நாகலாபுரம் தாண்டியிருந்தது. மடியில் டிபன் டப்பாவும், லாக்கரைக் காலி செய்து எடுத்துவந்த செருப்பும் வைத்திருந்தாள். மேனேஜரிடம் போனதைச் சொன்னேன். சூப்பர்வைசர் எல்லாம் சொன்னார் என்றும் சொன்னேன்.

"பன்னெண்டப் பத்தி மேனேஜர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று பதறினாள்.

"இல்லம்மா. நீ எழுதினத நான் படிச்சேன்னு மட்டும்தான் சொன்னேன்."

அவள் பதற்றம் அடங்கியது. பிறகு மெதுவாக, "அன்னிக்கே படிச்சீங்களா?" என்றாள்.

"படிச்சேன்."

"நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன்னா, நீங்க படிக்காமயே அழிச்சிட்டீங்க போலன்னு. பாவம், வேல அவசரத்துல பாக்கல, அவர சொல்லி இன்னா பண்றதுன்னு வீட்ல கூட சொன்னேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "படிச்சிட்டு நம்பலையா?"

"நம்பல."

"ஏண்ணா? நான் எப்பனா உங்ககிட்ட பொய் சொல்லிக்கிறனா?"

யோசித்தேன். மூன்று நாலு வருஷம், நூற்றுக்கணக்கான ஃபைல், ஒரு எண் தப்பாக அடித்ததில்லை. ஏசி ஓடவில்லை என்று எழுதிய நாளில் ஏசி ஓடவில்லை. டீ லேட் என்ற நாளில் டீ லேட்டாகத்தான் வந்தது.

"இல்ல" என்றேன்.

அவள் டிபன் டப்பாவையும் செருப்பையும் பைக்குள் வைத்து மூடினாள். திட்டியிருந்தால் தேவலை. புத்தூரில் பஸ் நின்றதும், பழக்கத்தில், "வரேண்ணா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நகரி பஸ் நிற்கும் பக்கம் நடந்து போனாள்.

வடமாலபேட்டை வரும்வரை நான் அந்த எதிர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அவள்மேல் என்று தனியாக எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. சந்தேகப்படுவது என் கைப்பழக்கம், அன்றைக்கு அவள் எழுதியது என் கையில் வந்து விழுந்தது, அவ்வளவுதான். அதற்காக அவள் இப்போது ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்துவிட்டு, ஐந்தாவது தடவையாகப் போட்டோ எடுத்துக்கொண்டு புது ஆளாகச் சேரவேண்டும்.